லகோட்டா கதை சொல்லிகளை நேரில் கேட்ட அனுபவங்கள்

அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் கதை சொல்வதை நேரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், நானே ஆரம்பித்து வைக்கிறேன். தெற்கு டகோட்டாவில் பிளாக் ஹில்ஸ் மலைகளின் தென்பக்கம் விண்ட் கேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. உள்ளே மைல் கணக்கில் விரியும் அந்தக் குகைக்கு இயற்கையாக அமைந்த வாய் ஒரு சின்னத் துவாரம்தான். வழிகாட்டி அதன் முன்னால் ஒரு ரிப்பனைப் பிடித்துக் காட்டினார். வெளியே காற்றழுத்தம் கூடினால் குகை காற்றை உள்ளே இழுக்கும், குறைந்தால் வெளியே ஊதும். 1881-ல் பிங்காம் சகோதரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது வழக்கம், ஆனால் லகோட்டாக்களுக்கு மனிதர்கள் பூமிக்கு மேலே ஏறி வந்த வாசலே இதுதான்.

அங்கே கேட்ட கதை இப்படிப் போகிறது. மனிதர்கள் பூமிக்கு அடியில் ஆவி உலகத்தில் இருந்தார்கள். சிலந்தியின் பெயர் கொண்ட தந்திரக்காரன் இக்டோமியும் இரட்டை முகக்காரி அனோக் இதேயும் சேர்ந்து, ஓர் ஓநாயின் முதுகில் இறைச்சியும் அழகான தோல் உடைகளும் ஏற்றி உள்ளே அனுப்பி ஆசை காட்டினார்கள். காலம் வரும்வரை காத்திருக்கச் சொன்ன படைத்தவனின் பேச்சை மீறி ஒரு கூட்டம் மேலே வந்தது, கோடையில் சுகமாக இருந்தது, குளிர் வந்ததும் பசியில் அழுதது. அவர்கள்தான் காட்டெருமைகளாக மாற்றப்பட்டார்கள். பொறுத்திருந்த தோகாஹே என்ற தலைவன் பிறகு மற்றவர்களை அழைத்து வந்தான், எருமைகளைப் பின்தொடர்ந்து அவர்கள் வாழ்ந்தார்கள். இதே கதையில் தோகாஹேயே ஆசையில் விழுந்தவன் என்று சொல்லும் வடிவமும் உண்டு. துவாரத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் காற்று கையில் படும்போது இதைக் கேட்பது வேறு அனுபவம், எந்தப் புத்தகமும் அதைத் தராது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

*

நல்ல பதிவு அண்ணா. நான் ரோஸ்பட் என்ற, பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் மூலமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கோடையில் போனபோது அந்த வீட்டுப் பாட்டி (பேரப்பிள்ளைகள் ‘உன்சி’ என்று கூப்பிடுவார்கள்) குடும்ப வரலாறு, போர்கள், தன் தாத்தா என்று எவ்வளவோ பேசினார், ஆனால் இக்டோமி கதை மட்டும் கிடையாது, அது பனி விழுந்த பிறகு, இருட்டிய பிறகு என்று முடித்துவிட்டார். எல்லாக் குடும்பங்களும் இதை ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை, அந்த வீட்டில் கண்டிப்பு.

சரி என்று குளிர்காலத்தில் மறுபடி போனேன். இக்டோமி முதுகில் ஒரு மூட்டையோடு போகிறான், என்ன அது என்று வாத்துகள் கேட்கின்றன, எல்லாம் பாட்டுகள் என்கிறான். பாடச் சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஆடினால்தான் பாடுவேன் என்று சொல்லி, ஆடுகிறவற்றை ஒவ்வொன்றாக அடித்துப் போடுகிறான், ஒரு பறவை மட்டும் கண் திறந்து பார்த்துக் கத்திவிடுகிறது, அதனால்தான் அதற்கு இன்றைக்கும் கண் சிவப்பு. பாட்டி பாதியில் நிறுத்துவார், பிள்ளைகள் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும், தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டார், பேசாமல் பார்ப்பார், அவர்களே திரும்பி வந்து சரி செய்வார்கள். முடிவில் நீதி என்று எதுவும் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நண்பர் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டார், பாட்டி வேண்டாம் என்றார். அந்தப் பதிலின் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் விடுதிப் பள்ளி 1879-ல் தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். 2022-ல் ஸ்டாண்டிங் ராக் என்ற இன்னொரு ஒதுக்கீட்டு நிலத்தின் பழங்குடி மன்றம், முதியவர்களிடம் சேகரித்த பதிவுகளுக்கு வெளியார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்ற சண்டையில், ஒரு மொழி நிறுவனத்தையே வெளியேற்றித் தீர்மானம் போட்டது. எல்லாவற்றையும் ‘ஆவணப்படுத்த வேண்டும்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம், அந்த வீட்டில் உட்கார்ந்த பிறகு நான் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். ஆனால் எழுதி வைத்தவர்கள் அவர்களுக்குள்ளேயே உண்டு. ஸ்டாண்டிங் ராக்கில் வளர்ந்த எல்லா டெலோரியா (Ella Deloria) என்ற பெண், பெரியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதிய கதைகள் 1932-ல் புத்தகமாக வந்தன. அவர் அந்த மக்களுக்கு உறவுக்காரப் பெண், எல்லா வித்தியாசமும் அதில் இருக்கிறது.

*

நான் ரேபிட் சிட்டியில் பார்த்தது, ஆண்டுகளைப் படங்களால் குறித்து வைக்கும் ‘குளிர்கால எண்ணிக்கை’ ஒன்றின் நகல். முதல் பனியிலிருந்து அடுத்த முதல் பனி வரை ஓர் ஆண்டு, அந்த ஆண்டுக்கு ஒரே ஒரு படம். லோன் டாக் என்பவர் வைத்திருந்தது (அவர் யாங்க்டோனை இனத்தவர், லகோட்டாக்களின் உறவினக் குழு) 1800-ஐ நடுவில் வைத்துத் தொடங்கிச் சுருளாக 1871 வரை போகிறது. முதல் படம் முப்பது கறுப்புக் கோடுகள், குரோ இனத்தாரிடம் பலியான முப்பது பேர். அடுத்தது உடம்பெல்லாம் புள்ளி வைத்த மனிதன், அது அம்மை. படம் ஒரு பிடிப்புக்குத்தான், மிச்சமெல்லாம் அதை வைத்திருப்பவர் வாயில். 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாகப் பொழிந்ததை ஏறக்குறைய எல்லா எண்ணிக்கைகளிலும் வரைந்திருக்கிறார்கள், அதை வைத்துத்தான் மற்ற ஆண்டுகளையும் பொருத்துகிறார்கள்.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று. குளிர்காலத்தில் போங்கள், ஆனால் சாலை நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அங்கே பனிப்புயல் சொல்லாமல் வரும்.