சீமெந்துத் தொட்டியில் நீலாம்பல்: இலையோரம் ஏன் கருகுகிறது?

கேள்வி (கோண்டாவிலிலிருந்து)

வணக்கம். தை மாதத்தில், தென்மராட்சியிலுள்ள உறவினர் ஒருவரின் வயலோரக் குளத்திலிருந்து அவருடைய சம்மதத்துடன் இரண்டு நீலாம்பல் கிழங்குகளைக் கொண்டுவந்து, கிணற்றடியில் புதிதாகக் கட்டுவித்த சீமெந்துத் தொட்டியில், மாட்டெருவும் செம்மண்ணும் சரிபாதி கலந்து நட்டேன். பங்குனி வரை நன்றாகத் தளிர்த்த செடிகள், வெயில் ஏறியபின் இலையோரம் பழுப்பாகிக் கருகத் தொடங்கின; நீரும் பச்சையாகக் கலங்கிவிட்டது. இப்போது ஆவணி, ஒரு மொட்டும் வரவில்லை. தொட்டிக்கு மேலே மாமரம் நிழல் தருகிறது. நுளம்பு பெருகும் என்று அயலவர்களும் அஞ்சுகிறார்கள். நான் எங்கே தவறினேன்?

பதில் 1

அக்கா, முதற் குறை எருவில் இருக்கிறது. நீருக்கடியில் காற்றின்றி மாட்டெரு அழுகும்போது கிழங்கையும் அழுகச் செய்யும். அதிலிருந்து கரையும் சத்து முழுவதும் பாசிக்கே உணவாகும். எரு கலவாத கனத்த களிமண்ணே ஆம்பலுக்கு உகந்தது. கிழங்கின் முளை மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, தொடக்கத்தில் ஒரு சாண் நீர் மட்டும் நிறுத்துங்கள். நிழலும் மொட்டைத் தடுக்கிறது. நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இன்றி நீலாம்பல் பூப்பது அரிது. ஆகவே தொட்டியை மாற்ற முடியாவிட்டால் மாமரக் கொப்புகளையாவது கழித்துவிடுங்கள். இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடும்போது பாசியும் குறைந்துவிடும்.

பதில் 2

மேலே கூறியவற்றுடன், இலையோரக் கருகலுக்கு நீரே காரணமாக இருக்கலாம் என்று நான் கருதுகிறேன். நமது யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவை எல்லோரும் அறிவோம். கோடையில் தொட்டி நீர் ஆவியாக ஆவியாக, அதே கிணற்று நீரை நாம் மேலும் மேலும் ஊற்றுவதால், உப்பும் சுண்ணாம்பும் வெளியேற வழியின்றிச் செறிந்துவிடுகின்றன. புதிய சீமெந்தும் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கசியவிடும். தொட்டியைச் சில வாரங்கள் நீர் நிரப்பி, பலமுறை மாற்றிய பின்னரே நட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கியதும் பீலித் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். முதல் மழை கூரையைக் கழுவிப் போனபின் பிடிப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். கோடையில் நம் குளங்கள் வற்றும்போது நீலாம்பல் இலையுதிர்த்துக் கிழங்காகச் சேற்றுக்குள் உறங்கி, மாரியில் மீண்டும் துளிர்க்கிறது. எனவே இலை போய்விட்டது என்பதற்காகச் செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கை எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் அது உயிருடன் இருக்கிறது.

பதில் 3

அயலவர்களின் அச்சம் நியாயமானது. டெங்கு நுளம்பின் முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் பறக்கும் நுளம்பாகிவிடும். தொட்டியில் நாலைந்து கப்பி மீன்களை விட்டால் குடம்பிகளை அவை தின்றுவிடும். ஆனால் அவை அயல்நாட்டு மீன்கள். மிகுந்தவற்றைக் குளத்திலோ கேணியிலோ விடாதீர்கள். தொட்டியை வற்றவிட்டாலும், சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவியே மீண்டும் நிரப்ப வேண்டும்.

நீலாம்பல் 1986 ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்தப் பெயரில் ஊதா நிறக் கலப்பினங்களும் கைமாறுகின்றன. இலையின் நடுவிலிருந்து குட்டிச் செடி முளைத்தால், அது நம் குளத்து இனமன்று.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை கிழங்குகளை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். ஒன்று குழைந்து நாற்றமெடுத்திருந்தது. மற்றது கல்லைப் போலக் கெட்டியாக இருக்கிறது. அதை ஈரக் களிமண் நிறைத்த மண்சட்டியில் தாட்டு வைத்திருக்கிறேன். தொட்டியை நாளை முதல் தேய்த்துக் கழுவத் தொடங்குகிறேன்.