தலையா, தோளா? போச்சி பட்டிமன்றமும் பெரிய அண்டாவும்

*கீழமாசி வீதி குடும்பம்* (சனிக்கிழமை சாயங்காலம், அமெரிக்க நேரம்)

செல்வி 4:02
பொங்கல் விழா பட்டிமன்றத் தலைப்பு வந்துடுச்சு. "ப்ரூஸ் போச்சியின் பெருமைக்குக் காரணம் அவர் தலையா, ஆட்டக்காரர்களின் தோளா?" நிலா எந்த அணின்னு இன்னிக்கு ராத்திரி 9க்குள்ள சொல்லணுமாம். ஆளுக்கு 4 நிமிஷம்.

செல்வி 4:03
அப்புறம் அந்தப் பெரிய அண்டா யார் வீட்ல இருக்கு? 60 பேருக்கு சர்க்கரைப் பொங்கல் என் தலையில விழுந்திருக்கு

மதுரை அண்ணா 4:04
என்ன போச்சு? யாருக்கு என்ன ஆச்சு?

கார்த்தி 4:04
பெரிய மாமா, ஒண்ணும் போகல 😀 போச்சிங்கறது ஆள் பேரு. பேஸ்பால் மேனேஜர்

மதுரை அண்ணா 4:05
விடியறதுக்கு முன்னாடி பயமுறுத்தாதீங்கப்பா.

நிலா 4:05
தலை தலை தலை 🙋‍♀️

பிரபா 4:06
தோள்.

ரகு 4:11
நிலா, அவசரப்படாதே. முதல்ல கணக்கைக் கையில எடு. போச்சி மொத்தம் 28 சீசன். சான் டியாகோ பாட்ரேஸ் 1995 முதல் 2006 வரை, நம்ம சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 2007 முதல் 2019 வரை, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2023 முதல் 2025 வரை. ஜெயிச்சது 2,252, தோத்தது 2,266. ஆமா, தோல்வி 14 கூட. எதிரணி எடுத்தவுடனே இதைத்தான் தூக்கிப் போடுவாங்க. ஆனா அதே மனுஷன் ப்ளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு அக்டோபர்ல நடக்கற கோப்பைச் சுற்றுகள்) 57 வெற்றி, 37 தோல்வி. அதோட இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சது நாலு: 2010, 2012, 2014, 2023. சீசன்ல பாதிக்குக் கீழ இருக்கிறவர் அக்டோபர்ல மட்டும் ஏன் இப்படி? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா உன் 4 நிமிஷமும் முடிஞ்சுது.

பிரபா 4:12
14 கூட தோத்தவருக்கு எதுக்கு மாலை

கார்த்தி 4:13
அந்தக் காலத்து மேனேஜர் கானி மேக் 3,731 ஜெயிச்சு 3,948 தோத்தார்மா. 1937லயே ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் சாதனையாளர் மண்டபம்)

பிரபா 4:13
அவர் டீமுக்கே பங்கு முதலாளி. 50 வருஷம் அவரை யார் தூக்குவா?

ரகு 4:17
அந்தத் தோல்வியெல்லாம் எங்க சேர்ந்ததுன்னு பார்க்கணும். 1998ல பாட்ரேஸை வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுபோனார், யாங்கீஸ்கிட்ட 0–4. அந்தக் குளிர்காலத்திலேயே கெவின் பிரவுன், ஸ்டீவ் ஃபின்லி, கென் கேமினிட்டி மூணு பேரும் வெளியே போயிட்டாங்க. கிரெக் வானையும் சின்சினாட்டிக்கு மாத்திட்டாங்க. அடுத்த அஞ்சு வருஷமும் தோல்விக் கணக்குதான், 2003ல 64 வெற்றி, 98 தோல்வி. சரக்கே இல்லாத கடையில கல்லாப்பெட்டி எப்படி நிறையும்?

பிரபா 4:18
2017ல ஜயண்ட்ஸும் அதே 64–98தான். அங்க சரக்கை யார் வித்தா?

கார்த்தி 4:19
அது நம்ம முக்கிய பிட்சர் (பந்து போடறவர்) பம்கார்னர் ஏப்ரல்லயே டர்ட் பைக்ல விழுந்து தோள்ல அடிபட்ட வருஷம்

பிரபா 4:19
கேட்டியா நிலா. தோள் போச்சு. தலை என்ன பண்ணுச்சு?

நிலா 4:20
ஐயோ இது செம பாயிண்ட் 😳

செல்வி 4:21
அண்டா 🙏

மதுரை அண்ணா 4:24
மேனேஜர் என்றால் கணக்குவழக்கு பார்ப்பவரா? கிரிக்கெட்டில் கோச் மாதிரியா?

ரகு 4:31
அண்ணே, கிரிக்கெட்ல கேப்டன் மைதானத்துல நின்னு செய்யறதை இங்க மேனேஜர், ஆட்டக்காரங்க மாதிரியே உடுப்பு போட்டுக்கிட்டு டக்அவுட்ல உக்காந்து செய்யறார். யார் எந்த வரிசையில பேட் பண்ணணும், யார் பந்து போடணும், எப்ப நிறுத்தணும் எல்லாம் அவர்தான். பெரிய வித்தியாசம் ஒண்ணு: கிரிக்கெட்ல பௌலரை நாலு ஓவர் நிறுத்திட்டு மறுபடி கூப்பிடலாம். இங்க ஆட்டத்தை விட்டு எடுத்துட்டா எடுத்ததுதான், அன்னிக்குத் திரும்பி வரவே முடியாது. அதனால ஒவ்வொரு மாத்தமும் ஒரு சீட்டைக் கிழிச்சுப் போடற மாதிரி.

ஒரு ஆட்டத்துல ஒவ்வொரு டீமுக்கும் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூணு அவுட். சீசன்ல 162 ஆட்டம், ஆறு மாசம், கிட்டத்தட்ட தினமும். இன்னிக்கு ஒரு ஆட்டத்தைப் பிடிக்க நாலு ரிலீவரை (நடுவுல வந்து பந்து போடறவங்க) எரிச்சா நாளைக்கும் நாளன்னிக்கும் கை வறண்டுடும். அதனால தோக்கற ஆட்டத்தைத் தோத்துட்டு ஆளைச் சேமிக்கணும். அக்டோபர்ல ஊர் மாறும்போது நடுவுல ஓய்வு நாள் வரும், முறை வெச்சு ஆட்டத்தை ஆரம்பிக்கிற ஸ்டார்ட்டர்கள்ல அஞ்சாவது ஆள் தேவைப்பட மாட்டார். அப்ப சீட்டைத் தாராளமாக் கிழிக்கலாம். இதை மனசார நம்பி, ரெண்டாவது இன்னிங்ஸ்லயே ஸ்டார்ட்டரை எடுக்கத் தயங்காதவர் போச்சி.

மதுரை அண்ணா 4:33
புரிந்தது. ரகு, பட்டா பேப்பரில் உன் கையெழுத்து மட்டும் பாக்கி. பிரபா, செல்வி அனுப்பிவிட்டார்கள்.

ரகு 4:40
நிலா, 2010 ஃபிலடெல்ஃபியா ஆறாவது ஆட்டத்தைக் கண்டிப்பாச் சொல்லு. ஜெயிச்சா வேர்ல்ட் சீரிஸ். ஸ்டார்ட்டர் ஜொனதன் சான்செஸ் மூணாவது இன்னிங்ஸ்ல நாலு தப்புப் பந்து போட்டு ஒருத்தரை முதல் பேஸுக்கு நடக்க விட்டார், அடுத்து அட்லி மேல பந்தைப் போட்டார், ரெண்டு டீமும் களத்துக்குள்ள ஓடி வந்து தள்ளுமுள்ளு. போச்சி அந்த இடத்துலயே சான்செஸை எடுத்துட்டார். அஃபெல்ட் வந்து ரெண்டு இன்னிங்ஸ். அப்புறம் 21 வயசு பம்கார்னர், அவர் ஸ்டார்ட்டர், ரெண்டு இன்னிங்ஸ். அப்புறம் ஹாவியர் லோபஸ். அப்புறம் லின்சிகம், அவரும் ஸ்டார்ட்டர். கடைசி 5 அவுட் பிரையன் வில்சன். 3–2.

இதுல லோபஸ் எதுக்கு? அட்லியும் ஹவர்டும் இடதுகை பேட்டர். லோபஸ் இடதுகை, அதுவும் பக்கவாட்டா வீசறவர். இடதுகைக்காரனுக்கு அந்தப் பந்து தன் முதுகுக்குப் பின்னாலேருந்து கிளம்பி வர்ற மாதிரி இருக்கும், காலை ஊன்றவே தயக்கம் வந்துடும். அந்த சீரிஸ் பூரா அவங்க ரெண்டு பேருக்கு லோபஸ்தான் பூட்டு.

பிரபா 4:41
அண்ணே, 2014 கதை சொல்லி முடிஞ்சதும் கையெழுத்து போடுவார்

கார்த்தி 4:41
😂😂 என் ரிசப்ஷன்ல ரகு மாமாகிட்ட மைக் கொடுத்த மாதிரி ஆகப்போகுது

நிலா 4:43
மாமா 4 நிமிஷம்தான்!! எதுல ஆரம்பிக்கணும்?

கார்த்தி 4:46
மேட்டிங்லி கதைல ஆரம்பி. 2010 ஜூலை 20, டாட்ஜர் ஸ்டேடியம். நாம (ஜயண்ட்ஸ்) 5–4 பின்னால, ஒன்பதாவது இன்னிங்ஸ், பேஸ் எல்லாம் நிறைஞ்சிருக்கு. டாட்ஜர்ஸ் மேனேஜர் டோரியை அம்பயர் ஏற்கெனவே வெளிய அனுப்பிட்டதால அவங்க கோச் டான் மேட்டிங்லிதான் பொறுப்பு. மவுண்டுக்கு (பந்து போடற மண்மேடு) போய் பிட்சர் பிராக்ஸ்டன்கிட்ட பேசினார். திரும்பி மண்ணை விட்டு இறங்கி ரெண்டடி வெச்சவர், அவங்க ஆட்டக்காரர் லோனி ஏதோ கேட்டதும் திரும்ப மேல ஏறிட்டார். ஒரே இன்னிங்ஸ்ல அதே பிட்சர்கிட்ட ரெண்டாவது தடவை போனா அவரை எடுத்தே ஆகணும். போச்சி அதைப் பார்த்துட்டு உடனே அம்பயர்கிட்ட போனார். பிராக்ஸ்டன் வெளிய, அடுத்து வந்த பிட்சர்கிட்ட நம்ம டோரஸ் டபுள் (ரெண்டு பேஸ் அடி), கடைசில நாம 7–5

நிலா 4:47
வாவ். இது தலைதான்

பிரபா 4:48
டபுள் அடிச்சது டோரஸ் தோள்

செல்வி 4:50
ரகுண்ணா கராஜ்ல அண்டாவைப் பார்த்ததா கார்த்தி சொன்னான். உண்மையா?

ரகு 4:58
2014 ஏழாவது ஆட்டம், கன்சாஸ் சிட்டி. ஸ்டார்ட்டர் டிம் ஹட்சன், 39 வயசு. 5 அவுட் எடுத்ததும் போச்சி அவரை நிறுத்திட்டார், ரெண்டாவது இன்னிங்ஸ்! அஃபெல்ட் 7 அவுட். அஞ்சாவது இன்னிங்ஸ்லயே பம்கார்னர். ரெண்டே நாள் ஓய்வு, அஞ்சாவது ஆட்டத்துல 117 பந்து போட்ட கை. அன்னிக்கு 68 பந்து, 15 அவுட், 3–2. ஓய்வில்லாத கையை எட்டு ஒன்பதுக்கு வெச்சுக்கலாம்னுதான் யாருக்கும் தோணும். அஞ்சாவதுலயே இறக்கினா பாதியில களைச்சுப் போனா பின்னால ஆள் வேணும். ரோமோ, கசியா ரெண்டு பேரும் தயாரா இருந்தாங்க. அந்தத் தைரியம் கணக்கோட வந்தது.

பிரபா 5:01
15 அவுட் எடுத்தது யாரோட கை? 2013ல அதே போச்சி, அதே பிட்சிங் கோச் ரைட்டெட்டி, 76–86. 2011ல கேட்ச்சர் போஸி கணுக்கால் உடைஞ்சதும் ப்ளேஆஃபே இல்ல. போஸி பின்னால உக்காந்து பந்து பிடிச்சு, ஜெனரல் மேனேஜர் சேபியன் ஆள் தேடிக் கொடுத்து, ரைட்டெட்டி பிட்சர்களைத் தேத்தி வெச்சதுக்கு மொத்த மாலையும் ஒரே கழுத்துலயா? இது நியாயமான கேள்வி, நிலா. நான் ஒண்ணும் வம்புக்குச் சொல்லல

ரகு 5:03
போஸி விஷயம் ஒத்துக்கறேன்.

பிரபா 5:03
📌 இதைப் பின் பண்ணி வைங்க

பிரபா 5:06
2016 மறக்காதீங்க. ப்ளேஆஃப்ல சிகாகோ கப்ஸோட நாலாவது ஆட்டம். நம்ம ஸ்டார்ட்டர் மேட் மூர் 8 இன்னிங்ஸ், 2 ஹிட், 120 பந்து, 5–2 முன்னால. ஒன்பதாவதுல லா, லோபஸ், ரோமோ, வில் ஸ்மித், ஸ்ட்ரிக்லண்ட். அஞ்சு பேரு. 4 ரன். 6–5, வீட்டுக்கு. உங்க மேதை கிழிச்ச சீட்டு அஞ்சும் போச்சு

மதுரை அண்ணா 5:07
மறுபடியும் போச்சா?

கார்த்தி 5:07
பெரிய மாமா இது நிஜமாவே போச்சு 😀

ரகு 5:14
2016ஐ மறைச்சுப் பேசக் கூடாது, நிலா. நீயே முதல்ல சொல்லிடு. அதே முறைதான் 2010ல கோப்பை வாங்கித் தந்தது, 2016ல கவுத்தது. வித்தியாசம், 2016ல அந்த புல்பென் (ரிலீவர் கூட்டம்) கை ஓஞ்சு போயிருந்தது. பூட்டு சரிதான், சாவி தேஞ்சிருந்தது. மூரை 120ல நிறுத்தினது தப்புன்னு எனக்குத் தோணல. ஆளுக்கு ஒரு பேட்டர்னு மாத்திக்கிட்டே போனதுல யாருக்கும் கை சூடாகல, அதுதான் தப்பு.

அப்புறம் 2020ல புது விதி. வர்ற ரிலீவர் குறைஞ்சது மூணு பேட்டருக்குப் போடணும், இல்லேன்னா அந்த இன்னிங்ஸை முடிக்கணும். லோபஸ் மாதிரி ஒத்தைப் பேட்டர் ஆயுதமே போயிடுச்சு. அந்த விதி வந்தப்ப போச்சி ஓய்வுல இருந்தார்.

கார்த்தி 5:19
திரும்பி வந்து 2023ல எங்க ரேஞ்சர்ஸுக்கு முதல் கோப்பை! சீசன்ல புல்பென் காப்பாத்தினதை விடக் கோட்டைவிட்டதுதான் அதிகம். ப்ளேஆஃப்ல நாலு பேரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டாம லெக்லர்க், சாப்மன், ஸ்போர்ஸ்னு சிலரையே நம்பினார். கடைசி ஆட்டத்துல இயோவால்டி 6 இன்னிங்ஸ், கடைசி 7 அவுட் ஸ்போர்ஸ் ஒருத்தரே. வெளியூர்ல 11 ஆட்டம், 11ம் வெற்றி. போஸி இல்ல, பம்கார்னர் இல்ல, சேபியன் இல்ல. அம்மா இதுக்கு என்ன சொல்ற?

பிரபா 5:20
சீகர் இருந்தாரே, ரேஞ்சர்ஸ் பேட்டர்

பிரபா 5:22
சரி, 2023 கொஞ்சம் இடிக்குது. யோசிக்கறேன்

ரகு 5:29
ஜயண்ட்ஸ் பிட்சர் ஜிட்டோவையும் சேர்த்துக்கோ. ஏழு வருஷத்துக்கு 126 மில்லியன் டாலர். 2010 ப்ளேஆஃப்ல மூணு சுற்றிலும் ஆட்டக்காரர் பட்டியல்லயே சேர்க்கல. சம்பளத்தைப் பார்த்து இடம் கொடுக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, செயின்ட் லூயிஸ்கிட்ட 1–3ன்னு பின்தங்கி, தோத்தா சீசன் முடிஞ்சுதுங்கிற ஆட்டத்துல அதே ஜிட்டோகிட்ட பந்தைக் கொடுத்தார். 7⅔ இன்னிங்ஸ், ரன்னே கொடுக்கல. ஒதுக்கி வெச்ச மனுஷன் மனசு விட்டுப் போகாம ரெண்டு வருஷம் காப்பாத்தறது எந்தக் கணக்குலயும் வராது. லின்சிகமும் அப்படித்தான். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ரெண்டு வாங்கினவர், 2012 அக்டோபர்ல புல்பென்ல உக்காரச் சம்மதிச்சார்.

நிலா 5:31
இது அழகா இருக்கு மாமா ❤️

கார்த்தி 5:33
விருது விஷயமும். சிறந்த மேனேஜர் விருது ஒரே தடவை, 1996, பாட்ரேஸ்ல. ஜயண்ட்ஸ்ல மூணு கோப்பைக்கு ஒண்ணுகூட இல்ல. ஏன்னா ஓட்டு ப்ளேஆஃப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க

ரகு 5:37
நாலு அல்லது அதுக்கு மேல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச மேனேஜர் மொத்தம் ஆறு பேர்தான். மெக்கார்த்தி, ஸ்டெங்கல் ஏழு, மேக் அஞ்சு, ஆல்ஸ்டன், டோரி, போச்சி நாலு. மத்த அஞ்சு பேரும் ஹால் ஆஃப் ஃபேம்ல. மேனேஜர்களுக்கான கமிட்டி 2026 டிசம்பர்ல கூடணும். போச்சி உள்ள போக 16 பேர்ல 12 ஓட்டு வேணும்.

பிரபா 5:38
போடுவாங்க. நானும் போடுவேன். மாலைல பாதி போஸிக்குங்கறதுதான் என் வாதம்

செல்வி 8:31
நிலா எழுதினது 610 சொல். 4 நிமிஷத்துல மூச்சு முட்டும். 350க்கு வெட்டணும். எதை எடுக்கறது?

பிரபா 8:32
பாட்ரேஸ்

ரகு 8:32
பாட்ரேஸை எடுக்கக் கூடாது. அதுதான் அந்த 14க்குப் பதில்.

கார்த்தி 8:33
2014 எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வரி போதும்

ரகு 8:34
இரண்டு வரியா!

நிலா 8:41
அம்மா, நான் தோள் அணிக்கு மாறலாமா? 2017 பைக் பாயிண்ட் சொன்னா ஹாலே கை தட்டும்

பிரபா 8:41
வா கண்ணு 🤗

ரகு 8:42
நிலா, போன் பண்றேன். எடு.

செல்வி 8:55
"நிலா, அணி நாளைக்குக் காலைல"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒத்துக்கிட்டாங்க. அண்டா???

ரகு 8:57
அண்டா கராஜ்லதான் இருக்கு. மூடி இல்ல.

பிரபா 8:58
மூடி என்கிட்ட. அண்டா வந்தா மூடி வரும்

மதுரை அண்ணா 9:02
பட்டா?