கடற்கரைத் தெரு உறவுகள் குழு: பையன்களுக்கு ஓர் அறை

சித்தப்பா, காலை 5:50
ராத்திரி கரை சேராத வள்ளம் கிடைத்துவிட்டது. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோய், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக் கூத்தன்குழிக்கு நேரே வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. நம்ம பையன்கள் ஏழு பேர் இரண்டு வள்ளத்தில் போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள்.

அத்தை, 5:53
மாதாவே நன்றி. விடிய விடிய ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

நான், 6:20
எனக்கும் சந்தோஷம்தான் சித்தப்பா, ஆனால் இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பத்தே முக்காலுக்குத் தகவல் வந்தது, வள்ளம் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பையன்கள் கட்டிய கைலியோடு ஓடி வந்து நின்றார்கள், அவர்கள் மேல் குறையே இல்லை. லைஃப் ஜாக்கெட் கிடக்கிற கொட்டகையின் சாவி ஒருவரிடம், அவர் திசையன்விளையில் கல்யாண வீட்டில். பூட்டை உடைத்துப் பார்த்தால் ஒன்பது ஜாக்கெட்டில் நான்கின் வாரை எலி கடித்திருக்கிறது. மண்ணெண்ணெயை மூன்று வீட்டில் கேன் கேனாக வாங்கிச் சேர்த்தோம். ஏழு பேருக்கு ஐந்து ஜாக்கெட். என் தம்பி ஜாக்கெட் இல்லாமல்தான் போனான். தேடப் போகிற பையன்களுக்குக் கரையில் ஓர் அறை வேண்டும்.

பெரியப்பா, 6:41
மக்கா, எங்கள் காலத்தில் கட்டுமரத்தில் போய்த் தேடினோம். அப்போது ஜாக்கெட் ஏது, அறை ஏது? கடல்காரன் பயப்பட முடியுமா?

நான், 6:55
பயத்தைப் பற்றி நான் பேசவில்லை பெரியப்பா. தேடப் போனவர்களிலேயே திரும்பி வராதவர்கள் உண்டு என்று சின்ன வயதில் நீங்கள்தான் சொன்னீர்கள். விடியற்காலை நாலரைக்குக் கச்சான் காற்று அடிக்கிற மணலில், நனைந்த துணியோடு பத்துப் பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மாற்றிக்கொள்ள ஒரு மறைவு இல்லை, வெந்நீர் இல்லை, வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து போர்த்தினோம். மீட்டு வந்த மூவரில் பெரியவரை வலைக்குவியல் மேல்தான் படுக்க வைத்தோம். 108 வண்டி மணலில் இறங்காது, கட்டிலில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போனோம். காத்திருந்த பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லை, ஆறு மணி நேரம்.

வள்ளக்கார மச்சான், 7:30
உண்மைதான். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இரண்டுக்கும் போன் போட்டோம், நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கப்பல் வந்து சேர நேரமாகும், அதுவரை நம்ம ஆட்கள்தான். கொஞ்ச தூரம் போனால் செல்போன் டவர் கிடைக்காது. விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனல் ஆபத்துக்கென்றே உள்ளது, வள்ளத்தில் செட் இருந்தாலும் கரையில் கேட்க ஆள் வேண்டுமே. ஓர் ஆன்டெனா, ஒரு பேட்டரி, ராத்திரி முறை வைத்து உட்கார ஒருத்தர்.

மும்பை மாமா, 8:05
ஆட்சியரிடம் ஒரு பெரிய மீட்புப் படகு கேளுங்கள். எல்லாரும் சேர்ந்து மனு கொடுங்கள்.

நான், 8:12
மாமா, படகு வந்தால் எங்கே வைப்போம்? வெயிலிலும் உப்பிலும் மணலில் கிடந்து ஒரே வருஷத்தில் வீணாகும். படகுக்கும் ஆளுக்கும் நம்மிடம் குறைவில்லை. இடம்தான் இல்லை. முதலில் அறை.

அயர்லாந்து அக்கா, 12:20
இப்போதுதான் டூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், அழுகை வந்துவிட்டது. இங்கே எங்கள் சின்னத் துறைமுகத்திலேயே ஆர்என்எல்ஐ என்கிற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் நிலையம் ஒன்று இருக்கிறது. 1824-இல் பிரிட்டனில் தொடங்கியது. இரண்டு நாட்டிலும் சேர்த்து 230 நிலையங்களுக்கு மேல், பெரும்பாலும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நன்கொடைப் பணம். பேஜர் அடித்தால் கடைக்காரரும் வாத்தியாரும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். படகு நிற்கும் கூடம், கடலில் இறக்கச் சரிவு, ஆளுக்கொரு கொக்கியில் உடுப்பு, அதைக் காயவைக்கத் தனி அறை, குளியலறை. அந்தக் காயவைக்கும் அறைதான் எனக்கு மறக்கவில்லை. நர்ஸாகச் சொல்கிறேன், தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும், நம்ம கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் நேரம் ஆக ஆக உடம்பு தளரும். மீட்டவரைப் படுக்க வைத்து, ஈரத்துணியை மாற்றிப் போர்த்த ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

சித்தப்பா, 1:10
கரையோரம் புதுக் கட்டிடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு அலைய வேண்டும். வலைப்பின்னும் கூடத்தை ஒட்டி வடபுறம் காலியாகத்தான் கிடக்கிறது, அதைத் தடுத்து எடுத்தால் சுலபம். ரோடும் பக்கம்.

நான், 1:25
சரி சித்தப்பா, அதையே கேட்போம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் போட்டால் மீதியை அரசு தரும். ஜாக்கெட் தொங்கவிட உயரமான கம்பி, எண்ணெய்க்கு வெளியே தனி இரும்புக் கூண்டு (படுக்கிற இடத்தின் பக்கத்தில் மண்ணெண்ணெய் கூடவே கூடாது), ஸ்ட்ரெச்சர், இன்வெர்ட்டர், வெந்நீர், கழிப்பறை இரண்டு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும், பெண்கள் எல்லாரும் வர வேண்டும்.

அத்தை, 1:31
நான் வருவேன். நாற்பது பேரைக் கூட்டி வருவேன்.

பெரியப்பா, 4:45
மக்கா, காலையில் அப்படிச் சொல்லிவிட்டேன், அப்புறம் யோசித்துக்கொண்டே இருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தண்ணீர். அன்றைக்குக் கடற்கரைப் பையன்கள் லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே கைதட்டியது. அதற்குப் பிறகும் அவர்களுக்கு ஒரு கொக்கிகூட நாம் அடித்துத் தரவில்லை. அறை வரும்வரைக்கும் வலை போட்டு வைக்கிற என் வாடியை (கொட்டகையை) எடுத்துக்கொள்ளுங்கள். வலையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

நான், 4:47
பெரியப்பா...

வள்ளக்கார மச்சான், 4:52
சாவி மூன்று போடுவோம். ஒன்று பெரியப்பா, ஒன்று நான், ஒன்று அத்தை. ஊரை விட்டுப் போகிறவர் குழுவில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

நான், 4:55
நல்ல ஜாக்கெட் ஐந்தையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். வார் போன நான்கையும் தைக்க வேண்டாம், கடலில் நம்ப முடியாது, புதிதாக வாங்குவோம். ஆறு மணிக்கு வாடியைப் பெருக்க வருகிறவர்கள் விளக்குமாறு கொண்டுவாருங்கள்.