மறு: இருகாரணியா, இருபடியா? ‘இருசான்று’ என்று வைத்தால் என்ன?

அனைவருக்கும் வணக்கம். கணக்கில் நுழையக் கடவுச்சொல்லோடு இரண்டாவதாக ஒன்றையும் காட்டச் சொல்லும் பாதுகாப்பு முறைக்கு (‘டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன்’) நம் மொழிபெயர்ப்புக் குழுவில் ‘இருசான்று’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன்’ என்பதற்கு ‘இருகாரணி அங்கீகாரம்’ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற சொல்லை ஏன் நிறுத்த வேண்டும்?

மேலூர் ஐயா கேட்பது நியாயம்தான். ஆனால் அது ஓடுவதெல்லாம் நம் மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்குள். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில், கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்), லிங்க்ட்இன் கணக்குகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசப் போயிருந்தேன். திரையில் ‘இருகாரணி’ என்று வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண், “மீ.பொ.கா. மாதிரியா சார்?” என்றாள். வகுப்பே சிரித்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குக் காரணி என்றால் கணக்குப் பாடத்து ‘மீப்பெரு பொதுக் காரணி’தானே நினைவுக்கு வரும்? செய்தித்தாள் படிப்பவருக்கோ ‘நோய்க்கான காரணிகள்’. இரண்டிலுமே ‘இன்னார்தான் நான்’ என்று காட்டிக்கொள்வதன் சாயல் துளியும் இல்லை.

அந்த ஃபேக்டர் செய்கிற வேலை அதுதான். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று, என் கையில் மட்டும் இருக்கிற ஒன்று, என் உடம்பில் இருக்கிற ஒன்று. இந்த மூன்று வகையில் இரண்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். காட்டுகிற பொருளுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: சான்று. ஆகவே ‘இருசான்று’. முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இருசான்றுச் சரிபார்ப்பு’.

> கூகுள்காரர்களே ‘இருபடி’ என்கிறார்கள். எளிமையாக இருக்கிறதே அண்ணா?

எளிமையாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் படியை எண்ணுவதும் சான்றை எண்ணுவதும் வேறு வேறு. கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு, அடுத்த திரையில் ‘உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன’ என்று கேட்டால் படி இரண்டு. இரண்டுமே தெரிந்து சொல்கிற விஷயம் என்பதால் சான்றின் வகை ஒன்றுதான். திருடுகிறவன் ஒரே மூச்சில் இரண்டையும் அள்ளிப் போய்விடுவான். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியை வைத்தே நுழைகிற பாஸ்கீயில் கதை தலைகீழ். கைபேசியில் விரலை வைத்த நொடியில் வேலை முடிகிறது, படி ஒன்றே ஒன்று. ஆனால் கைபேசி ஒரு சான்று, விரல்ரேகை இன்னொரு சான்று. 2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து பாஸ்கீயைப் பரப்பக் கிளம்பிய பிறகு, ‘இருபடி’ என்ற பெயர் நாளுக்கு நாள் பொருந்தாமல்தான் போகும்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும் அவர்களுக்கு நன்றாக ஓடுகின்றன. சேலை படம் போட்டால் காரியாபட்டி, உசிலம்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. “ஓடிபி போட்டிருக்கோம் தம்பி, பயமில்லை” என்றார் முதலாளி. அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஓடிபி போகிற எண், பக்கத்தை உருவாக்கிக் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போன பையனுடையது. கடவுச்சொல் மறந்துவிட்டால் மீட்பதற்குக் கொடுத்திருந்த எண்ணும் அதுவே. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்து எத்தனை மாதம் ஆனதோ, கடையில் யாருக்கும் தெரியாது. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 90 நாள் கழிந்தால்? முகம் தெரியாத ஒருவர் கைக்கு அந்த எண் போகும், கூடவே கடையின் பக்கமும் போகலாம். முதலாளியிடம், “படி ரெண்டு இருக்குண்ணே, சான்று ஒண்ணுதான் இருக்கு” என்றேன். உடனே புரிந்துகொண்டார். இதை ‘காரணி’ வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கிற ஆணையத்தின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கில் பிட்காயின் பற்றி ஒரு பொய் அறிவிப்பு வந்தது. மோசடிக்காரர்கள் சிம்மை மாற்றி வாங்கி, கணக்கோடு சேர்ந்திருந்த எண்ணைக் கைப்பற்றி, அதை வைத்தே கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். இரண்டாம் சரிபார்ப்பு 2023 ஜூலையிலிருந்தே அணைந்து கிடந்தது. கணக்கில் நுழையச் சிரமமாக இருந்ததால் ஊழியர்களே கேட்டு அணைக்க வைத்தது அது. ஆக, தொலைபேசி எண் ஒன்றே எல்லாமாகிப் போனது.

> ‘இரட்டைப் பூட்டு’ என்றால் பாமரருக்கும் புரியுமே?

புரியும் அக்கா, அதுதான் சிக்கலும். பூட்டு இரண்டு போட்டு, சாவி இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்தாலும் அது இரட்டைப் பூட்டுதான். நம்மாட்கள் செய்வதும் அதுதான். கடவுச்சொல்லை வைத்திருக்கிற அதே செயலிக்குள் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணையும் உருவாக்கிக்கொள்கிறார்கள். கைபேசி தொலைந்தால் உள்ளே நுழைய கிட்ஹப் கொடுக்கிற மீட்புக் குறியீடுகளைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தக் கணக்கோடு சேர்ந்த அதே ஜிமெயிலுக்கு அனுப்பிவைக்கிறார்கள். மதுரையின் ஐடி பூங்காக்களான இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உட்கார்ந்து நாள் முழுக்க நிரல் எழுதுகிற ஆட்களைத்தான் சொல்கிறேன். சான்று என்று சொன்னால் ‘ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வருதா?’ என்ற கேள்வி இயல்பாக எழும்.

கிட்ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-லிருந்து நிரல் பங்களிப்பவர்களுக்கு இரண்டாம் சான்றைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ட்விட்டர், காசு கட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பை நிறுத்தியது. நோக்கம் என்னவாக இருந்தாலும் ஒரு நன்மை, குறுஞ்செய்தியை நம்பியிருந்தவர்கள் இரண்டாம் சான்று வேண்டுமென்றால் சரிபார்ப்புச் செயலி போன்ற வழிக்கு மாற வேண்டியிருந்தது. அந்தச் செயலி காட்டும் எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். கைபேசிக்குள் இருக்கிற ரகசியத்தையும் கடிகாரத்தையும் வைத்து அங்கேயே கணக்கிடுவதால் சிக்னல் தேவையில்லை. சிம்மை மாற்றி வாங்கினவனுக்கும் அது கிடைக்காது. ஆனால் போலித் தளத்தில் நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் போச்சு. பாஸ்கீயில் அந்த வழியும் அடைபடுகிறது, தளத்தின் முகவரி பொருந்தாவிட்டால் அது வாயே திறக்காது.

> சான்று என்றால் சாதிச் சான்று, வருமானச் சான்று. இ-சேவை மையத்து வாசனை அடிக்கிறது.

அடிக்கட்டுமே ஐயா! ‘நீ யார் என்று காட்டு’ என்று கேட்கும் இடம்தானே அதுவும். ‘ஆதாரம்’ என்று போட்டுப் பார்த்தேன், ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். ‘அத்தாட்சி’யும் நல்ல சொல்தான், ஆனால் முன்னொட்டு சேர்த்தால் நீண்டுவிடுகிறது. வலைத்தளங்கள் காட்டுகிற டிஜிட்டல் ஆவணத்துக்குச் ‘சான்றிதழ்’ என்றே இருக்கட்டும், அது தனி. ஒன்றுக்கு ‘ஒருசான்று’, இரண்டுக்கு மேல் ‘பலசான்று’. ‘பல்சான்று’ வேண்டாம், பல் மருத்துவரிடம் வாங்குவது போல இருக்கிறது.

‘அங்கீகாரம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன் இரண்டுக்குமே அதைப் போடுகிறோம். ‘உங்கள் எக்ஸ் கணக்கில் இந்தச் செயலி பதிவிட அங்கீகரிக்கவா?’ என்று கேட்கும்போது அங்கே யாரும் ஆளைச் சரிபார்க்கவில்லை, அதிகாரம் கொடுக்கிறோம். அதற்கு ‘அனுமதி’ போதும். என்றோ ஒரு வினாடிவினாச் செயலிக்குக் கொடுத்த அனுமதி, கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பல நேரம் உயிரோடு இருக்கும். தனியாகப் போய்த்தான் நீக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பயனருக்கு இந்த வேறுபாடு பிடிபடவே படாது.

இனி வகைகளுக்கு: தெரிந்ததற்கு ‘அறிசான்று’, உடம்புக்கு ‘உடற்சான்று’. ‘மெய்ச்சான்று’ என்றும் யோசித்தேன், உண்மை என்ற பொருள் குறுக்கே வருகிறது. கையில் இருப்பதற்குக் ‘கைச்சான்று’ எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கை நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்: உங்களிடம் கையெழுத்துக்குக் ‘கைச்சாத்து’ புழக்கத்தில் இருக்கிறதே, காதில் விழும்போது இரண்டும் குழம்புமா? குழம்பும் என்றால் ‘உடைமைச்சான்று’ என்று மாற்றிவிடலாம். உங்கள் பதில் வந்ததும் கோப்பைத் திருத்துகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து