நாலு வேலைக்கும் ஒரே 'கியூரிங்' சரியா?

முகப்பு_வளவு:
செட்டிநாட்டுப் பழைய வீட்டு ரிப்பேர் எஸ்டிமேட்டுகளில் கான்கிரீட், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்), எபாக்ஸி (ரெண்டு பொருள் கலந்து தரையில போடுற பூச்சு) எல்லாத்துக்கும் "கியூரிங் 10 நாள்"னு ஒரே வரி போடுறாங்க. நாலும் ஒண்ணுதானா?

தளம்_சிவில்:
அடிப்படை ஒண்ணுதான். பொருள் உள்ளுக்குள்ள இறுகி முடியிற வரை அதுக்கு வேண்டியதைக் குறையாமக் கொடுக்கிறது. சிமெண்டுக்குத் தண்ணி. காயவிட்டா மேல புழுதி கிளம்பும், நுண்துளை வழியா ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி ஓ.பி.சி.க்கு (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) குறைஞ்சது 7 நாள், பி.பி.சி.க்கு (போசலானா கலந்த சிமெண்ட்) 10. வறண்ட வெயில்ல எதுக்குமே 10-க்குக் குறையக் கூடாது. அப்புறம் எஸ்டிமேட்ல என்ன தப்பு?

சுண்ணாம்புக்_காளவாய்:
அண்ணே, புத்தகத்துல ஒண்ணுதான். சைட்ல கியூரிங்னா சித்தாள் கையில ஹோஸ், அவ்வளவுதான். அதைச் சுண்ணாம்புச் சுவத்துல பிடிச்சா வேலை போச்சு. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுது. துளையெல்லாம் தண்ணி நின்னா வாயு உள்ள போகாது. ஒரேயடியா காஞ்சாலும் வாயு கரைய ஈரமில்லாம பூச்சு மாவா உதிரும். ரெண்டும் வேணும். அதனால மெல்லிசா ஸ்பிரே, வெயில் படுற பக்கம் நனைச்ச சாக்கைச் சுவத்துல ஒட்டாம ஒரு சாண் தள்ளித் தொங்கவிடணும். பாலிதீன் மூடவே கூடாது. கடுக்காய்த் தண்ணி, முட்டை வெள்ளை சேர்த்த பூச்சுக்கும் இதேதான். 10 நாள்ல மேல்தோல்தான் இறுகியிருக்கும், உள்ள மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள எமல்ஷன் பெயிண்ட் அடிச்சா கொப்புளம்தான்.

கல்_பட்டறை:
ஆத்தங்குடிக் கல் சூளைக்கே போறதில்ல. கண்ணாடி மேல அச்சு வச்சுக் கலர் சிமெண்ட் ஊத்தி, உலர்கலவை தூவி, அதுக்கு மேல ஈரக்கலவை. அப்புறம் தொட்டித் தண்ணியில கிடந்து இறுகும். அதோட கியூரிங் பட்டறையிலேயே முடிஞ்சிடும். பதிச்ச தரையில பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினா வெள்ளையா உப்புப் பூக்கும். அதைப் போக்குறேன்னு ஆசிட் ஊத்துவாங்க, பூவும் சேர்ந்து போகும்!

தளம்_சிவில்:
இதெல்லாம் சூழல்ல வர்ற வித்தியாசம், அர்த்தம் மாறல. எபாக்ஸியில ரெசினும் ஹார்டனரும் பிணையணும், அதுவும் இறுகுறதுதான். சீக்கிரம் ஆகட்டும்னு ஹார்டனரைக் கூட்டினா வினைபுரியாத மிச்சம் பிசுபிசுன்னு நிக்கும். தளத்துல ஈரம் இருந்தா பிடிக்காது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனை நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது விடுங்க. அடியில வேர்த்திருந்தா தளம் இன்னும் காயல.

ரீட்ரேடிங்_பைபாஸ்:
டயர்ல கியூரிங்னா சூடு. ரப்பரும் கந்தகமும் சூட்டுல பிணையுது, 1839-ல சார்லஸ் குட்இயர் கண்டது. சூடு குறைஞ்சா ட்ரெட் (டயரோட மேல்பட்டை) உரிஞ்சு வரும், மிஞ்சினா ரப்பர் தரம் கெட்டு வெடிக்கும். சிவில் அண்ணன் பக்கம்தான் நான்.

தொண்டிக்_கருவாடு:
வெள்ளைக்காரன் காலத்துல சென்னை மாகாணக் கடற்கரையில 'ஃபிஷ் கியூரிங் யார்டு' வச்சு, மீன் பதனிட வரியில்லா உப்பு கொடுத்தாங்க. உப்பு மீனுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்குது. அங்க எது எதோட பிணையுது?

சுண்ணாம்புக்_காளவாய்:
கேளுங்க அண்ணே! ஒரு இடத்துல தண்ணி கொடுக்கிறது, இன்னொரு இடத்துல தண்ணியை எடுக்கிறது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை.

தளம்_சிவில்:
மீனை விடுங்க, கட்டட வேலையைப் பேசுவோம். வார்த்தையை மாத்தினா மட்டும் சித்தாள் ஹோஸைக் கீழ வச்சிடுவாரா? மேஸ்திரி பக்கத்துல நிக்கணும்.

சுண்ணாம்புக்_காளவாய்:
நிக்கட்டும். ஆனா எஸ்டிமேட்ல செய்ய வேண்டியதை எழுதுங்க. கான்கிரீட்: பாத்தி கட்டித் தண்ணி, பி.பி.சி.ன்னா 14 நாள் வரை. சுண்ணாம்பு: ஸ்பிரே, நனைச்ச சாக்கு, ஹோஸ் கூடாது. கல்: பதிச்ச பிறகு தண்ணி நிறுத்தக் கூடாது. எபாக்ஸி: தளம் காஞ்சதைச் சோதிச்ச பிறகுதான், இறுகுற வரை தண்ணி படக் கூடாது.

தளம்_சிவில்:
நாலு வரி போட்டா நாலு ரேட் போடுவாங்க தம்பி.

சுண்ணாம்புக்_காளவாய்:
போடட்டும். சுவரைக் கொத்தி மறுபடி பூசுற கூலியை அதோட ஒப்பிட்டுப் பாருங்க.