ஒரு கன கிலோமீட்டருக்கு எத்தனை கன மீட்டர்? செம்பரம்பாக்கம் ஏரிக் கணக்கில் ஒரு குழப்பம்

ஏரிக்கரைவாசி கேட்டது:

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று மழைக்காலம் வந்தாலே நாளிதழ்களில் படிக்கிறோம். எங்கள் குடியிருப்போர் சங்க மலருக்காக அதை மெட்ரிக் அளவில் எழுதித் தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். இணையத்தில் இருந்த அளவுமாற்றுக் கருவி ஒன்று 0.1032 கன கிலோமீட்டர் என்று விடை தந்தது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் மீட்டர் என்பதால் அதை ஆயிரத்தால் பெருக்கினேன், 103.2 கன மீட்டர் வந்தது. ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர் என்று கொண்டால், ஏரியில் மொத்தமே 1,03,200 லிட்டர்தான் என்றாகிறது. எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பது வந்து போனால் ஏரி வற்றிவிடும்! எங்கோ பிழை செய்திருக்கிறேன் என்பது புரிகிறது, எந்த இடத்தில் என்பதுதான் புரியவில்லை.

நீர்க்கோல் எழுதியது:

பிழை உங்கள் முதல் பெருக்கலில் இருக்கிறது. கன கிலோமீட்டர் என்றால் "ஆயிரம் கன மீட்டர்" என்று பொருள் அல்ல; நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு கிலோமீட்டராக உள்ள ஒரு பெட்டியின் கொள்ளளவு என்று பொருள். மூன்று பக்கங்களிலும் ஆயிரம் மீட்டர் இருப்பதால் ஆயிரத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 100 கோடி கன மீட்டர். எனவே 0.1032 கன கிலோமீட்டர் என்பது 10.32 கோடி கன மீட்டர், அதாவது 103.2 மில்லியன் கன மீட்டர். உங்கள் விடையில் இலக்கங்கள் சரியாகவே வந்திருக்கின்றன, "மில்லியன்" மட்டும் விடுபட்டுவிட்டது.

பள்ளியில் கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர் என்று இரண்டு அலகுகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். கன அளவில் அவை மிகவும் உதவும். நீளத்தில் ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. கன அளவில் அதே படிக்கு ஆயிரம் மடங்கு. கன கிலோமீட்டரிலிருந்து கன ஹெக்டோமீட்டர், அதிலிருந்து கன டெகாமீட்டர், அதிலிருந்து கன மீட்டர் என மூன்று படிகள் இறங்குகிறோம். நீங்கள் ஒரே படியோடு நின்றுவிட்டீர்கள். ஸ்பெயின் நாட்டில் அணைகளின் நீர் இருப்பைக் கன ஹெக்டோமீட்டரில்தான் சொல்கிறார்கள். அது சரியாகப் பத்து லட்சம் கன மீட்டர் என்பதால், நாம் மில்லியன் கன மீட்டர் என்று எழுதுவதும் அதுவும் ஒன்றே.

லிட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. லிட்டர் தன்னளவிலேயே ஒரு கன அளவு என்பதால், கிலோலிட்டர் என்பதில் உள்ள "கிலோ" வெறும் ஆயிரம்தான்; ஒரு கிலோலிட்டரும் ஒரு கன மீட்டரும் சமம். "கிலோ" என்ற ஒரே சொல் ஓரிடத்தில் ஆயிரமாகவும், "கன" என்பது முன்னால் வந்துவிட்டால் நூறு கோடியாகவும் நிற்பதுதான் உங்களைத் தடுமாற வைத்திருக்கிறது.

பழைய கணக்கு எழுதியது:

மேலே சொன்ன விளக்கம் சரி. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மலருக்காக மற்ற ஏரிகளையும் கணக்கிடப் போகிறீர்கள் என்றால், கன கிலோமீட்டர் பக்கம் போகவே வேண்டாம். ஒரு கன மீட்டர் 35.3147 கன அடி. ஆகவே மில்லியன் கன அடியை 35.3147 ஆல் வகுத்தால் நேரே மில்லியன் கன மீட்டர் வந்துவிடும். வசதிக்காக 35 என்று வைத்து வகுத்துவிடாதீர்கள். செம்பரம்பாக்கத்துக்கு 104.1 வரும், கூடுதலாக வந்த அந்த 0.9 மில்லியன் கன மீட்டர் சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் லிட்டரில் அது 90 கோடிக்கும் மேல்.

வாசகர்களுக்கு மனத்தில் பதிய வேண்டுமானால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீரைக் காட்டுங்கள். அது சரியாக ஒரு மில்லியன் கன மீட்டர், அதாவது 100 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் நிரம்பினால் அத்தகைய 103 பரப்புகளின் தண்ணீர் அதில் இருக்கும்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. திருத்திய கணக்கை இங்கே வைக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். செம்பரம்பாக்கம் 103.2, புழல் (3,300 மில்லியன் கன அடி) 93.4, பூண்டி (3,231) 91.5, சோழவரம் (1,081) 30.6, எல்லாம் மில்லியன் கன மீட்டரில். செம்பரம்பாக்கத்தை லிட்டரில் சொன்னால் 10,320 கோடி. மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், அதாவது ஒரு லட்சம் கன மீட்டர் என்பதால், அந்த நிலையம் முழுத் திறனில் 1,032 நாட்கள் ஓடினால்தான் இந்த ஓர் ஏரியின் அளவுக்குத் தண்ணீர் தரும் என்று எழுதலாமா?

நீர்க்கோல் எழுதியது:

நான்கு ஏரிகளின் எண்களும் சரி, 1,032 நாட்களும் சரி. "முழுக் கொள்ளளவு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏரி ஆண்டு முழுவதும் நிரம்பியே இருப்பதில்லை, இருக்கும் நீரும் ஆவியாகிக் குறையும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானாலே ஆயிரம் கன மீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர் போய்விடும். உங்கள் 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் அது 83 லாரிகளுக்கும் சற்று அதிகம்.