கோபாலபுரம் தாண்டினால் கட்டளை போய்ச் சேருமா? கம்பெனி போன்களோடு நம் அனுபவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து:

மாட்டுத்தீவனம் மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். லைனுக்குப் போகிறவர்கள், டிரைவர்கள் கையில் இருக்கும் 74 ஆண்ட்ராய்டு போன்களும் என் பொறுப்பு. எந்த ஆப் போடலாம், லாக் எத்தனை இலக்கம், தொலைந்தால் பூட்டுவதா அழிப்பதா எல்லாம் எம்டிஎம் (கம்பெனி போன்களைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் மென்பொருள்) வழியாக ஆபீஸிலிருந்தே நடக்கும். பாதிப் பேருக்கு லைன் கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், எங்கள் மூத்த டிரைவர் யாரோ ஒரு கடைக்காரரின் போனிலிருந்து கூப்பிட்டார். “அம்மிணி, போனைக் காணோமுங்க. கொழிஞ்சாம்பாறையில டீ குடிச்சுப்போட்டு வண்டி ஏறுனேன். பாக்கெட்டுல கைய உட்டா இல்லீங்க.” 22 வருடம் வண்டி ஓட்டியவர். குரல் நடுங்கியது.

அந்தப் போனில் 200 கடைகளுக்கு மேல் பாக்கிக் கணக்கு இருந்தது. உடனே பூட்டக் கட்டளை கொடுத்தேன், அடுத்து முழுவதும் அழிக்க. இரண்டுக்கும் நேரே ‘காத்திருக்கிறது’ என்றே நின்றது. போன் கடைசியாக சர்வரோடு பேசியது காலை 9.40-க்கு. அவர் செக்போஸ்ட்டைத் தாண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான். சாயங்காலம் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாறவில்லை.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பாலிசியை ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. ‘ரோமிங்கில் டேட்டா கூடாது’ என்ற கட்டுப்பாடு போட்டிருந்தது. வெளிநாட்டில் பில் ஏறக்கூடாது என்பதற்கான அமைப்பு, ஆரம்பத்தில் எடுத்த மாதிரிப் பாலிசியோடு கூடவே வந்திருக்கிறது. எங்கள் சிம் தமிழ்நாடு வட்டத்துச் சிம். கோபாலபுரம் தாண்டிக் கேரள டவரைப் பிடித்ததும் போன் அதை ரோமிங் என்று எடுத்துக்கொண்டு டேட்டாவை நிறுத்திவிடும். டேட்டா இல்லையென்றால் கட்டளை எந்த வழியாகப் போகும்?

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று. “அங்க போனா நெட்டு வர்றதில்லீங்க” என்று லைன் ஆட்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். டவர் பிரச்சினை என்று நானே முடிவு செய்துவிட்டேன். பாவம், அவர்கள் சொந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, தங்கள் காசு டேட்டாவில் கம்பெனி பில் அனுப்பியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் என் டெஸ்க் போன் அடித்தது. “இது நிங்ஙளுடெ ஃபோண் ஆணோ?” சித்தூர்ப் பக்கம் ஒரு மொபைல் ரிப்பேர் கடை. யாரோ பட்டனை அழுத்தி ரீசெட் செய்து, லாக் எடுக்க அவரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். வைஃபை கொடுத்ததும் திரையில் எங்கள் கம்பெனிப் பெயரும் என் நம்பரும் வந்து நின்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கி, ஜீரோ டச் கணக்கில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்) ஏற்றியிருந்தோம். அப்படி ஏற்றிய போனை எத்தனை முறை ரீசெட் செய்தாலும், இன்டர்நெட் கிடைத்ததும் அது கம்பெனிக்குள்தான் வந்து நிற்கும். ஆக, என் அழிப்புக் கட்டளை கடைசிவரை போய்ச் சேரவேயில்லை. ரீசெட் ஆகும் வரை கணக்கைக் காத்தது 6 இலக்க லாக் மட்டும்தான்.

டிரைவர் சம்பளத்தில் போன் விலையைப் பிடிப்பது என்று அதற்குள் முடிவாகியிருந்தது. பாலிசியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். “போனைத் தவறவிட்டது அவர்தான், ஆனா அஞ்சு நாள் நாம கையைக் கட்டிட்டு நின்னதுக்குக் காரணம் நான் விட்ட இந்த வரிங்க” என்று காட்டினேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை.

உங்கள் பக்கம் எப்படி? எல்லையில் வேலை பார்க்கிறவர்கள் எழுதுங்கள்.

ஆரம்பாக்கத்திலிருந்து:

அக்கா, நான் தினமும் ஆந்திர எல்லை தாண்டித் தடா பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவன். எங்களுக்கு ரோமிங் தொல்லை இல்லை, எல்லாம் வைஃபை. உற்பத்தி லைனில் இருப்பவை ஐபேடுகள், ஒரே ஒரு ஆப் மட்டும் ஓடும்படி பூட்டியவை.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, எந்தக் கட்டளையும் எந்த ஐபேடுக்கும் போகவில்லை. ஆப் ஓடுகிறது, படம் தெரிகிறது, எங்கள் பேச்சை மட்டும் கேட்கவில்லை. வைஃபையைச் சந்தேகப்பட்டு ரௌட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டோம். கடைசியில் பார்த்தால், ஐபேடுகளுக்குக் கட்டளை அனுப்பத் தேவையான ஆப்பிளின் புஷ் சான்றிதழ் காலாவதி. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். எந்த ஆப்பிள் ஐடியில் எடுத்தோமோ அதே ஐடியில்தான் புதுப்பிக்க வேண்டும். வேறு ஐடியில் புதிதாக எடுத்தால் பழைய ஐபேடுகள் ஏற்காது, ஒவ்வொன்றையும் அழித்து முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

எங்களுடையதை எடுத்தவர் தன் சொந்த ஐடியில் எடுத்திருக்கிறார். வேலையை விட்டுப் போய் எட்டு மாதம், நம்பர் மாறிவிட்டது. சூப்பர்வைசர் அண்ணா தெலுங்குக்காரர், “தம்முடு, ராத்திரிக்குள்ள முடியுமா?” என்று தமிழும் தெலுங்குமாகக் கேட்டார். நானும் இன்னொரு பையனும் ஸ்டோர் ரூமில் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து 38 ஐபேடையும் மறுபடி சேர்த்தோம். முடிக்கும்போது காலை ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

இப்போது சான்றிதழ் கம்பெனிப் பொது மின்னஞ்சலில் எடுத்த ஐடியில் இருக்கிறது. தேதியை ஷிப்ட் ரூம் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன், ஒரு மாதம் முன்னாலேயே இன்னொரு வட்டம். இன்னொன்று: நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் டேப்லெட்டுகளின் பேட்டரி உப்பக்கூடும். திரை லேசாகத் தூக்கியிருந்தால் உடனே சார்ஜரிலிருந்து கழற்றுங்கள்.

போடியிலிருந்து:

நான் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கணக்கு பார்க்கும் ஆபீஸில் இருக்கிறேன். தோட்டமெல்லாம் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம். சூப்பர்வைசர்கள் வைத்திருப்பது சொந்தப் போன். வருகைப் பதிவு, காய் எடை இரண்டையும் ஏற்ற எங்கள் ஆப் அதில் வேண்டும். இங்கே தொழில்நுட்பத்தைவிட பயம்தான் பெரிய விஷயம்.

பயத்துக்குக் காரணமும் உண்டு. முன்பு இருந்த பழைய முறையில் ஆபீஸ் அழிக்கச் சொன்னால் போன் முழுவதும் அழியும். வேலையை விட்ட ஒரு அண்ணனுக்கு அப்படித்தான் செய்தார்கள். அவருடைய அப்பா இறப்பதற்கு முன் பேசிய வீடியோ அதில் இருந்திருக்கிறது. அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது எங்களில் யாருக்கும் பேச வாய் வரவில்லை. அந்தச் செய்தி எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது.

வொர்க் ப்ரொஃபைல் (சொந்தப் போனில் ஆபீஸ் ஆப்களுக்கு மட்டும் ஒதுக்கும் தனிப் பகுதி) கொண்டுவந்தபோது ஒருத்தரும் போனை நீட்டவில்லை. ஒரு அக்கா நேராகவே கேட்டார்: “ஏம்ப்பா, எம்புள்ள போட்டோவ எல்லாம் ஆபீஸ்ல உக்காந்து பாப்பீகளா?” என் சொந்தப் போனிலேயே போட்டுக் காட்டினேன். சின்னப் பெட்டிப் படம் ஒட்டிய ஆப்கள் மட்டும்தான் ஆபீஸுடையது. ஆபீஸ் திரையில் என் போட்டோவோ, வாட்ஸ்ஆப்போ, கால் லிஸ்ட்டோ வருகிறதா என்று அவர்களையே தேடச் சொன்னேன். பிறகு அவர்கள் கண் முன்னாலேயே ப்ரொஃபைலை அழித்தேன். பெட்டி ஆப்கள் மறைந்தன, என் மகள் போட்டோ முகப்பில் அப்படியே இருந்தது. அந்த அக்காதான் முதலில் போனை நீட்டினார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த ப்ரொஃபைலை அணைத்து வைக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அணைத்தால் பெட்டி ஆப்கள் மங்கிவிடும், ஆபீஸ் மெசேஜ் வந்து தொல்லை செய்யாது. இதை மறைக்கிற ஆபீஸ்கள் உண்டு. மறைக்கக் கூடாது.

மீண்டும் பொள்ளாச்சியிலிருந்து:

போடி அண்ணா, அந்த அப்பா வீடியோ விஷயம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. எங்களிடம் சொந்தப் போன் இல்லை என்றாலும், டிரைவர்கள் கம்பெனிப் போனில் வீட்டுப் படங்களை வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை எடுத்து வைக்கச் சொல்லி இனிமேல் ஞாபகப்படுத்துவேன்.

ஒரு ஆள் தனியாகக் கேட்டிருந்தார், தொலைந்ததும் எதை முதலில் செய்வது என்று. பலர் முதலில் சிம்மை பிளாக் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் டேட்டாவும் போய், நம் கட்டளைக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். நான் முதலில் பூட்டு, அழிப்பு கொடுத்துவிட்டு, பேங்க் கணக்கு இருந்தால் அந்தப் பேங்க்குக்குச் சொல்லி, அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் சிம்முக்குப் போகிறேன். இடையில் சிம்மை உருவி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடுவார்களே என்றால், அதற்காகத்தான் ஒவ்வொரு சிம்முக்கும் முன்கூட்டியே பின் நம்பர் போட்டுக் கொடுக்கிறோம். 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ-யை முடக்குவது அதற்கும் பிறகு. முடக்கினால் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் போன் ஏறாது. அதற்கு போலீஸ் புகார் நகல் வேண்டும். எங்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு ஸ்டேஷனும் அலைய வைத்தார்கள். திருட்டு என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ரோமிங் வரியை எடுத்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் புதுப் போன் எதுவானாலும், கொடுப்பதற்கு முன் நானே பாலக்காடு பஸ்ஸில் ஏறி எல்லை தாண்டிப் போகிறேன். நாட்டுக்கல்லில் இறங்கி, சிக்னல் பக்கத்தில் ரோமிங்கைக் காட்டும் சின்ன ‘ஆர்’ வரும் வரை நிற்பேன். வந்ததும் என் போனிலிருந்து பூட்டுக் கட்டளை. போன புதன்கிழமை இரண்டு போன் கொண்டுபோனேன். ஒன்று உடனே பூட்டிக்கொண்டது. இன்னொன்று நாலு நிமிடம் ஆகியும் பூட்டவில்லை. அது இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.